ஒரு தரம் மட்டும் சொல்கிறவர்

எங்கள் வீட்டுப் பின்வாசல் நிலை அடியில் மக்கிப்போனபோது மூன்று தச்சர்களை வரவழைத்துக் காட்டினேன். ஆள் பார்த்து வேலை கொடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் எவன் பொய் சொல்கிறான் என்பதை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள், ஒரு தச்சரைக் கண்டுபிடிக்க மாட்டேனா என்ன?

முதலில் வந்தவர் காதிலிருந்து போனை எடுக்கவே இல்லை. ஒரு கையால் நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மொத்தத்தையும் பேத்துப் போட்டுட்டு இரும்பு நிலை வச்சிடலாம் மேடம்” என்றார். இரண்டாவது ஆள் சின்ன வயசு, நல்ல சிரிப்பு. “பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா புதுசாட்டம் ஆயிடுங்க. அரை நாள் வேல” என்றான்.

மூன்றாவதாக வந்தவர் இவர். வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து பழைய மொபெட்டில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தார். வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நிலைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவரை நிலைக்காலின் அடியில் வைத்து அழுத்தினார். அது பாதிக்குமேல் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்து அதன் முனையை முகர்ந்து பார்த்தார். பிறகு, “ஒரு வாளி தண்ணி குடுங்க டீச்சர்” என்றார்.

கை கழுவத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். மனிதர் ஸ்டூலைப் போட்டு ஏறி, வாளித் தண்ணீரை அப்படியே கதவுக்கு மேலிருந்த சன்ஷேடில் ஊற்றினார். இறங்கி வந்து மறுபடி குந்திக்கொண்டார். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கானால் பள்ளிக்கு நேரமாகிறது. கடைசியில், சுவருக்கும் நிலைக்கும் நடுவிலிருந்து ஒரு சொட்டு ஈரம் கசிந்து காலுக்குள் இறங்கியதை விரலால் தொட்டுக் காட்டினார்.

“கட்டமேல தப்பு இல்லீங்க. தண்ணி மேலருந்து எறங்குது. மொதல்ல சன்ஷேட்டு வெடிப்ப அடைக்கணும். அப்பறம் மூணு வாரம் காயணும். அதுக்கப்பறந்தான் மக்குனத வெட்டி எடுத்துட்டுப் புதுக் கட்ட சேப்பேன்.”

“மூணு வாரமா?”

“அதான் சொன்னேனேங்க.”

அவரிடம் இதுதான் குணம். எதையும் ஒரு தரம்தான் சொல்வார். இரண்டாம் தரம் கேட்டால் ‘அதான் சொன்னேனே.’ மூன்றாம் தரம் கேட்டால் அதுவும் கிடையாது. விளக்கம் சொல்வது, கெஞ்சுவது, வாதாடுவது எதுவும் இல்லை. சொல்ல வேண்டியதை எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்.

எங்கள் தெருவில் ஒருவர் புது வீடு கட்டி, வாசலுக்கு ஒரு கதவு வாங்கி மாட்டியிருந்தார். குடிபுகும் நாளில் வந்தவர்களையெல்லாம் அந்தக் கதவின் முன்னால் நிறுத்தி வைத்து, “ஒரிஜினல் தேக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவரையும் கூப்பிட்டு, “என்ன கார்பெண்டர், எப்படி நம்ம தேக்கு?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். இவர் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டி, “இது தேக்கு இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டாராம். அந்த வீட்டுக்காரர் அதன்பிறகு இவரோடு பேசுவதில்லை. இந்தக் கதையைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணனுக்குப் போன் போட்டு அதையும் சொல்லி, “சரியான ஆளப் புடிச்சிட்டேண்ணே” என்று பெருமையடித்தேன்.

அண்ணன் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் சொன்னது ஒன்றுதான். “அந்த மனுஷன் சொல்றபடி செய்யி. நீ பாட்டுக்கு அவசரப்படாத.”

சன்ஷேடு வெடிப்பை ஒரு கொத்தனாரை வைத்து அடைத்தாயிற்று. இவர் வந்து நிலைக்காலின் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் போனார், காற்றுப் பட்டுக் காயட்டும் என்று. அப்புறம் வேலை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் வந்து கட்டையில் கையை வைத்துப் பார்ப்பார். வந்தால் அப்பாவோடு பேச்சு. அம்மா இறந்ததிலிருந்து அப்பா என்னோடுதான் இருந்தார். வரதராசன்பேட்டைப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்துப் பாடுபட்டவர். என் கணவர் சிங்கப்பூரில். பகலில் நானும் மகளும் பள்ளிக்குப் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தவருக்கு இவர் வருவதென்றால் கொண்டாட்டம்.

“ஏன் தம்பி, இந்த எடத்துல நம்ம முந்திரிக் கட்டைய வச்சா என்ன?”

“முந்திரி அடுப்புக்குத்தாங்கய்யா ஆவும்.”

அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் முந்திரியின் அருமை பெருமையை ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

ஒரு நாள் நான் வரும்போது இவர் வேலை எதுவும் செய்யாமல் துணி துவைக்கும் கல்மீது உட்கார்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கொல்லைக்கு இறங்கி, கை கழுவிவிட்டு, மறுபடி ஏறி உள்ளே போனார். இவர் எழுந்து வந்து நிலைக்காலில் ஓர் இடத்தைக் காட்டினார். நெஞ்சு உயரத்தில் அங்கே மட்டும் பெயிண்ட் தேய்ந்து கட்டை வழுவழுவென்று இருந்தது.

“அய்யா இங்க கைய ஊனித்தான் எறங்குறாரு. இந்தக் காலு அடியில சோறு மாதிரி குழைஞ்சு கெடக்கு. வேல முடியிற வரைக்கும் இந்த வாசலப் பூட்டி வைங்க டீச்சர்.”

சரி என்றேன். பூட்டவில்லை. கொல்லையில்தான் தண்ணீர்க் குழாய், துணிக்கொடி எல்லாம். இப்போது எழுதும்போது இந்தக் காரணங்கள் எவ்வளவு அற்பமாக இருக்கின்றன!

அதற்குள் பங்குச் சாமியார், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு நாள் குறித்துவிட்டார். என் மகளுக்கும்தான். அடுத்த ஞாயிறு. கொல்லையில் பந்தல் போட்டு விருந்து. அப்பா ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வருவார்கள், சாமியார் வருவார், எல்லோரும் பின்வாசல் வழியாகத்தான் பந்திக்கு இறங்க வேண்டும். அந்த வாசலோ பெயிண்ட் உரிந்து, அடியில் ஓட்டை விழுந்து சொறி பிடித்ததுபோல் நிற்கிறது. என் நாத்தனாரின் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. எனக்கு மானம் போய்விடும் என்றிருந்தது.

இவரைக் கூப்பிட்டேன். “சனிக்கெழமக்குள்ள முடிச்சிடுங்க.”

கட்டையில் கை வைத்துப் பார்த்தார். “இன்னும் ஈரம் இருக்குங்க. ஈரக் கட்டையோட சேத்தா புதுசும் போயிடும்.”

“விசேஷம் முடிஞ்சப்பறம் திரும்ப வந்து சரியாப் பண்ணுங்க. இப்போதைக்கு மேலாப்ல மூடிடுங்க, போதும்.”

“மூடுனா அய்யா நம்பிக் கை வைப்பாரு டீச்சர். எனக்கு முடியாதுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “செய்ய முடியாதுன்னா எதுக்கு வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து உக்காந்திருக்கீங்க? உங்கள விட்டா பெரம்பலூர்ல வேற ஆளே இல்லியா?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு மொபெட்டை எடுத்தார்.

அன்றைக்கே அந்தச் சிரிப்புக்காரப் பையனை வரவழைத்தேன். சொன்னபடியே அரை நாள். ஓட்டையில் எதையோ குழைத்து அடைத்து, பட்டி பார்த்து, சாக்லேட் நிறத்தில் பெயிண்ட் அடித்தான். பளபளவென்று ஆகிவிட்டது. அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தன்று அண்ணன் அந்த நிலையைத் தடவிப் பார்த்தார். “பரவால்லியே, உன் கார்பெண்டர் நேரத்துக்கு முடிச்சிட்டாரே!” என்றார். நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன், ஒரு சிரிப்பு. ‘இல்லண்ணே, இது வேற ஆளு’ என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

திங்கட்கிழமை காலை பந்தல் பிரிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். அவர்களோடு ஏதோ பேச அப்பா கொல்லைக்கு இறங்கினார். நான் அடுப்படியில் இருந்தேன். மடக்கென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நிலைக்கால் அடியோடு விலகிச் சுவரைவிட்டு வெளியே வந்திருக்கிறது, அப்பா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடக்கிறார். உடைந்த இடத்தில் பெயிண்ட் மட்டும் பாலாடை மாதிரி கிழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

இடுப்பெலும்பு. திருச்சிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து கூட்டிவந்தோம். அப்பா மறுபடி நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கேள்விப்பட்டு இவர் வந்தார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. அண்ணனும் அன்று வீட்டில் இருந்தார். இவரைப் பார்த்ததுமே அண்ணனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ.

“வாய்யா! காயணும், காயணும்னு அம்புட்டு ஞாயம் பேசுனியாமே. இதான் நீ பாத்த வேலையா? எங்கப்பா கெடக்கற கெடைய உள்ள போயிப் பாரு!”

அவர் சாத்துக்குடிப் பையோடு அப்படியே நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் சொல்லப்போகிறேன் என்றுதான் நானும் நினைத்தேன். அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அப்பாவை விழவைத்தது நான்தான் என்று அந்த முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது? குனிந்து கையிலிருந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகாபாவி.

“சரி பண்ணிக் குடுத்துடறேங்க” என்றார் அவர்.

பெயிண்டைச் சுரண்டினார். மக்கியதை வெட்டி எடுத்தார். மூன்று வாரம் காயவிட்டார். புதுக் கட்டையைச் சேர்த்து, தரையில் படாமல் விரற்கடை இடம்விட்டு, இரும்புப் பட்டை கொடுத்துச் சுவரோடு இறுக்கினார். இன்றைக்கும் அது அசையவில்லை. மிஞ்சிய கட்டையில் ஒரு கைப்பிடி செய்து அப்பாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் பொருத்தினார். அப்பா அதைப் பிடித்துத்தான் எழுந்து உட்காருவார்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். பெயிண்ட் அடித்த பையனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தானே. அண்ணனிடம் அவர் சொல்லவில்லை, என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஒருநாள் கஞ்சி எடுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனபோது, அப்பா இவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எம் பொண்ணு பண்ணத மனசுல வச்சுக்காத தம்பி.”

“அதெல்லாம் விடுங்கய்யா.”

கஞ்சியோடு அடுப்படிக்கே திரும்பிவிட்டேன். ஐந்து மாதம் கழித்து அப்பா இறந்தபோது, இவர் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். “வந்து நிக்கறான் பாரு” என்று அண்ணன் பல்லைக் கடித்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. சாவு வீட்டில் இதையெல்லாம் எப்படிப் பேசுவது, கல்லறையில் வைத்துவிட்டு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன்.

அண்ணன் ஆற்றாமையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தேக்குக் கதவுக்காரர் இருக்கிறாரே, அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. எதிர்வீட்டு அம்மா என்னிடமே வந்து, “பரம்பரையாச் செய்யற ஆசாரியாப் பாத்து விட்டிருக்கணும் டீச்சர். இவங்கல்லாம் நேத்து வரைக்கும் காட்டு வேலைக்குப் போனவங்க. இவங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். இவருடைய அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயல்காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள்தான். இவர் திருச்சியில் ஒரு பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டவர். எதிர்வீட்டு அம்மாவுக்கு நல்லதாக நாலு வார்த்தை கொடுத்திருக்க வேண்டும். வகுப்பில் சமத்துவம் பாடம் நடத்துகிறவள் நான். ஆனால் வாயைத் திறந்தால் உண்மையும் கூடவே வெளியே வந்துவிடும். தலையை ஆட்டிவைத்தேன்.

எங்கள் தெருவில் அவரை யாரும் அதன்பிறகு வேலைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த தெருவிலும் இல்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு தரம் வாலிகண்டபுரம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். மொபெட்டை நிறுத்தி, “பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?” என்று கேட்டார். படிக்கிறாள் என்றேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர், தன் வீட்டு வாசல் நிலை மக்கிவிட்டது, நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார். யோசிக்காமல் இவருடைய நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் வந்து, “அவரு சம்சாரம்தான் எடுத்தாங்க. அவரு நெஞ்சுவலியில செத்து நாப்பது நாளாச்சாமே. உங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

சனிக்கிழமை வேப்பந்தட்டை பஸ்ஸில் ஏறினேன். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருடைய மனைவி படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். இன்ன டீச்சர் என்று சொன்னதும், அந்த அம்மா சட்டென்று எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க டீச்சர். அய்யா உழுந்த வூடுதானே? உங்க வூட்டப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பாரு. ‘அந்த வூட்டுல நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கணும், கோவத்துல வந்துட்டேன், அந்த நெலக்காலு சாயாம ஒரு முட்டுக் கட்டையாச்சும் குடுத்துட்டு வந்திருக்கலாம்’னு பொலம்புவாரு. என்னத்த சொல்லியிருக்கணும்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு.”

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எத்தனையோ வூட்டுல வேல பாத்தவரு. உங்க வூட்டு வேல ஒண்ணுதான் டீச்சர் அவரு கையில தப்பாப் போச்சு. ஒரு பெரிய உசுரே போயிருச்சு. இவரு சார்புல நான் கேட்டுக்கறேன், மன்னிச்சுக்குங்க” என்றார்.

பெண்டாட்டியிடம்கூட மனிதர் சொல்லவில்லை!

நான் சொன்னேன். பெயிண்ட் அடித்த பையன், விருந்து, அண்ணன் திட்டியது, நான் டம்ளரைத் துடைத்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னேன். அந்த அம்மா பிடித்திருந்த கையை மெதுவாக விட்டுவிட்டார். என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“உங்க தெருப்பக்கம் யாரும் வேலைக்குக் கூப்புடலன்னதும், திருப்பூர்ப் பக்கம் போயி மாசக்கணக்கா வேல பாத்தாரு. அங்கதான் நெஞ்சு வலி வந்துச்சு” என்றார். பிறகு, “இத அவரு இருக்கறப்ப வந்து சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். நான் எழுந்து வரும்வரை வெளியே வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றே அண்ணனுக்குப் போன் செய்தேன். அன்றைக்குப் பெயிண்ட் அடித்தது வேறு ஆள், இவர் முடியாது என்று போய்விட்டார், அவசரப்பட்டது நான், அப்பாவுக்கும் இது தெரியும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அண்ணன் அழுதுகொண்டிருந்தார்.

“அந்த மனுஷன என்னென்னமோ பேசிட்டேனே புள்ள” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அவரு வூடு எங்க இருக்கு, சொல்லு. நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, காலையில மொத பஸ்ஸுக்கே வரேன். ரெண்டு பேருமாப் போயி அவரு கால்ல உழுந்துட்டு வருவோம். இருப்பாருல்ல?” என்றார்.

அவர் இல்லை என்பதை நான் இன்னும் அண்ணனிடம் சொல்லியிருக்கவில்லை.